ஆற்றுக்கும் ஒரு பங்கு

தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம், ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்தவருக்கே ஆற்று நீரில் உரிமை. நிலமோ பெரும்பாலும் வெள்ளையர் கையில். நிறவெறி ஆட்சி முடிந்தபின், அமைச்சர் காதர் அஸ்மல் காலத்தில் வந்த 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டம் அந்த உரிமையை நீக்கியது. நாட்டின் நீருக்கெல்லாம் அரசு அறங்காவலர் ஆனது. பாசனம், சுரங்கம், ஆலை எதற்கும் முன்னதாக இரண்டு பங்கை ஒதுக்கிவிட வேண்டும். ஒன்று, மக்களின் அன்றாடத் தேவைக்கு. தலைக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்பது அங்கே கணக்கு. மற்றொன்று, ஆறு உயிரோடு ஓடுவதற்கு. ஆற்றையே பங்காளியாக்கிய இந்த ஏற்பாடு உண்மையிலேயே பெரிய காரியம். நிர்வாகம்தான் பின்தங்கியது. வடிநிலவாரியாக 19 முகமைகள் அமைக்கத் திட்டமிட்டார்கள்; பல ஆண்டுகள் கழித்தும் முழுமையாக இயங்கியவை இரண்டே.