கணினிக்குள்ளும் புறம்போக்கு உண்டு

4 ஜிபி ரேம் பொருத்திய கணினியில் 32 பிட் விண்டோஸ் இயங்கினால், பயன்படுத்தக்கூடியது ஏறத்தாழ 3 முதல் 3.5 ஜிபி வரைதான் என்று திரை காட்டும். “மீதி எங்கே சார்?” என்று மாணவர் கேட்பார். ரேம் பழுது என்றோ, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ சொல்லிவிடக் கூடாது. விடை, முகவரிகளில் இருக்கிறது.

முகவரி யாருக்கு?

நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டையும் மையச் செயலகம் ஓர் எண்ணால் அழைக்கிறது. அதுவே முகவரி. 32 பிட்டுகளில் 4,29,49,67,296 எண்களை எழுதலாம். அதாவது சரியாக 4 ஜிபி. ஆனால் இவை முழுவதும் ரேமுக்கு உரியவை அல்ல. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் அட்டை, நெட்வொர்க் அட்டை, யூஎஸ்பி ஆகியவற்றோடும் மையச் செயலகம் முகவரி எண்கள் வழியாகவே பேசுகிறது. அவற்றுக்கும் எண்கள் வேண்டும்.

கடலூரானாலும் சிதம்பரமானாலும், கிராமத்தின் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். வயலுக்குப் புல எண் உண்டு. ஏரி, வாய்க்கால், சாலைக்கும் உண்டு. ஆனால் பின்னவை புறம்போக்கு; அவற்றுக்குப் பட்டா கிடையாது. கோடையில் வீராணம் ஏரி வறண்டு கிடந்தாலும் அது காலி மனை ஆகிவிடாது. சாதனங்களுக்கு ஒதுக்கிய முகவரிகளும் அப்படித்தான்.

ஒதுக்குவது எப்படி?

கணினியை இயக்கியதும், தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் ஒரு பட்டியலைத் தருகிறது: எந்த எண் முதல் எந்த எண் வரை ரேம், எவை ஒதுக்கப்பட்டவை என்று. இயக்க அமைப்பின் மையப் பகுதியான கெர்னல் அதைப் படித்து, ஒதுக்கப்பட்ட எண்களை எந்த நிரலுக்கும் தராமல் விலக்கி வைக்கிறது. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் ‘டிவைஸ் ட்ரீ’ என்ற கோப்பு இப்பட்டியலைத் தருகிறது.

அடுத்து, சாதனத்தை இயக்கும் டிரைவர் தனக்குரிய எல்லையைக் கெர்னலிடம் கேட்டுப் பதிவு செய்கிறது. அதே எல்லையை வேறொரு டிரைவர் முன்பே பதிந்திருந்தால் கோரிக்கை மறுக்கப்படும்.

இந்த ஒழுங்கு தவறினால்? மதிப்பெண் பட்டியலைச் சேமிக்கும் நிரலுக்கு, கெர்னல் கிராபிக்ஸ் அட்டையின் முகவரியைக் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மதிப்பெண்கள் ரேமுக்குப் போகாமல் திரையில் புள்ளிகளாகச் சிதறும். நெட்வொர்க் அட்டையின் முகவரி என்றால், அட்டை அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கணினி உறைந்தும் போகலாம். ஏரிக்குள் கட்டிய வீட்டுக்குள் மழைக்காலத்தில் தண்ணீர் வருவதைப் போலத்தான்.

இவ்வழக்கம் புதிதல்ல. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 1 எம்பி முகவரிகளே இருந்தன. அவற்றில் 640 கேபி நிரல்களுக்கு. எஞ்சிய 384 கேபி திரை நினைவகம், பயாஸ் போன்றவற்றுக்கு.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு. புறம்போக்கில் இருப்பது நிலம். இங்கே ஒதுக்கப்படுவது எண் மட்டுமே. அந்த எண்கள் சாதனங்களுக்குப் போனதால், ரேமின் ஒரு பகுதி அழைக்க எண் இல்லாமல் கிடக்கிறது. 64 பிட் இயக்க அமைப்பில் எண்களுக்குப் பஞ்சமில்லை. மறைந்த பகுதிக்கு 4 ஜிபிக்கு மேல் புது எண்கள் தரப்படுவதால், அது பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளில் தரையில் 16 கட்டங்கள் வரைந்து எண்ணிடுங்கள். 13 முதல் 16 வரை ‘திரை’, ‘விசைப்பலகை’ என்று எழுதுங்கள். ஒரு மாணவர் கெர்னல். மற்றவர்கள் அவரிடம் இடம் கேட்கட்டும். 12 கட்டங்களும் நிரம்பிய பின் ஒருவர் வந்து, “13 காலியாகத்தானே இருக்கிறது?” என்று கேட்கும்போது பாடம் தொடங்குகிறது.

மேல்நிலை மாணவர்கள், லினக்ஸ் கணினியில் ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘ஐஓமெம்’ கோப்பைத் திறந்து உண்மையான பட்டியலையே காணலாம். நிர்வாகி அனுமதி இல்லையெனில், பாதுகாப்புக்காக முகவரிகள் எல்லாம் சுழியமாகத் தெரியும். எண்கள் பதினாறடிமான முறையில் இருக்கும். பதினொன்றாம் வகுப்பு எண் முறைகள் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டியதில்லை.