மின்சாரம் திரும்பி வரும் வழி

மோட்டார் சைக்கிளின் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த வயர் ஒன்றே ஒன்றுதான். உள்ளே போன மின்சாரம் எந்த வயர் வழியாக வெளியே வருகிறது என்று தேடினால் எதுவும் அகப்படாது. மோட்டாரின் கூட்டிலிருந்து அது இன்ஜினுக்குப் பரவி, அங்கே ஒரு போல்ட்டில் முறுக்கியிருக்கும் வயர் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. வண்டியின் இரும்பும் அலுமினியமுமே மின்சுற்றில் பாதி. மெக்கானிக்குகள் 'பாடி எர்த்து' என்று சொல்வது இதைத்தான். ட்ரையம்ஃப், நார்ட்டன் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியோடு இணைத்திருந்தார்கள். அவையும் நன்றாகவே ஓடின. எந்த முனையாக இருந்தாலும், போன மின்சாரம் தடையின்றித் திரும்பிவர வேண்டும்.

அந்தத் தடை உருவாகும் இடம் மிகச் சிறியது. இரண்டு உலோகப் பரப்புகளைப் போல்ட் போட்டு இறுக்கினாலும் அவை முழுதாக ஒட்டிக்கொள்வதில்லை. நுண்ணிய மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கடக்கிறது. இடையில் பெயின்ட் புகுந்தால் புள்ளிகள் குறையும். அலுமினியம் காற்றுப் பட்டவுடனே தன்மேல் ஓர் ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. செம்பு முனையும் அலுமினியக் கூடும் சந்திக்கும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அங்கே ஒரு குட்டி மின்கலமே உருவாகி அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளின் எர்த்து போல்ட்டுகளை அடிக்கடி பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்படி உருவாகும் தடை எவ்வளவு இருக்கும்? ஓர் ஓம்மில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டர் 80 ஆம்பியர் இழுத்தால் அந்த ஒரு போல்ட்டிலேயே 1.6 வோல்ட் தொலைந்துவிடும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது, ஏனென்றால் சாதாரண மீட்டரின் இரண்டு வயர்களுக்கே 0.2 ஓம் அளவுக்குத் தடை இருக்கும். நூறு இழைகளில் இரண்டே இழைகள் மிஞ்சிய வயரைத் தொட்டாலும் மீட்டர் 'பீப்' என்று ஒலித்து நல்ல வயர் என்று சான்று கொடுத்துவிடும். ஓடாத மின்சாரத்துக்கு எந்தப் பாதையும் நல்ல பாதைதான்.

முன்பெல்லாம் எர்த்து கெட்டால் விளக்கு மங்கும், செல்ஃப் ஸ்டார்ட்டர் திணறும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது 100 சிசி வண்டிக்குள்ளும் ஒரு சிறு கணினி குடியேறியது. இசியு என்னும் அந்தக் கணினி சென்சார்கள் அனுப்பும் வோல்டேஜைத் தன் எர்த்தைப் பூஜ்யமாகக் கொண்டு அளக்கிறது. அந்தப் பூஜ்யமே நகர்ந்துவிட்டால், வெறும் தட்டே சாய்ந்திருக்கும் தராசில் நிறுத்த கதைதான்.

ஆக்ஸிஜன் சென்சாரை எடுத்துக்கொள்வோம். சைலன்சர் குழாயில் பொருத்திய சிர்கோனியா பீங்கான் அது. நன்றாகச் சூடேறிய பிறகு, புகையில் உள்ள ஆக்ஸிஜனையும் வெளிக்காற்றில் உள்ளதையும் ஒப்பிட்டுத் தானே வோல்டேஜை உண்டாக்குகிறது. பெட்ரோல் மிகுந்தால் 0.8 வோல்ட் அளவில், குறைந்தால் 0.1 அளவில், நடுக்கோடு 0.45. ஒரு பீங்கான் துண்டு புகையை முகர்ந்து இப்படிச் செய்தி சொல்வதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. சிறிய வண்டிகள் சிலவற்றில் இதற்கு ஒரே வயர்தான். எர்த்து சைலன்சர் வழியாக இன்ஜினில் கிடைக்கிறது. இசியுவின் எர்த்தோ ஃபிரேமில் வேறோர் இடத்தில் இருக்கலாம். அங்கே 0.1 ஓம் தடை சேர்ந்து, ஹெட்லைட்டும் பெட்ரோல் பம்பும் அதே இணைப்பின் வழியே 5 ஆம்பியர் திருப்பி அனுப்பினால், இசியுவின் பூஜ்யம் அரை வோல்ட் மேலே ஏறிவிடும். சென்சார் 0.8 என்று உண்மையைச் சொல்கிறது. இசியுவின் காதில் 0.3 என்று விழுகிறது. பெட்ரோல் போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் ஊற்றுகிறது. பிளக் கருக்கிறது, மைலேஜ் விழுகிறது, வண்டியின் மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிகிறது.

ஹோண்டா வண்டிகள் பலவற்றில் அந்த விளக்கின் சிமிட்டலே குறியீடு. நீண்ட சிமிட்டல் பத்து, குறுகியது ஒன்று. இரண்டு நீளம், ஒரு குறுகல் என்றால் 21, ஆக்ஸிஜன் சென்சார். உடனே சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது, விளக்கு மறுபடி எரிகிறது. குறியீடு சொல்வது இசியு எந்த வயரில் வினோதத்தைக் கண்டது என்பதை மட்டுமே. காரணத்தை மனிதர்தான் தேட வேண்டும். எர்த்தைச் சோதிக்காமல் சென்சார் வாங்கச் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

தேடுவது கடினமில்லை. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்திலேயே, கிளாம்ப்பில் அல்ல, வைக்க வேண்டும். சிவப்பு முனை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இடத்தில். இப்போது செல்ஃபை அழுத்தினால் 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி அந்தப் பாதையில்தான் இருக்கிறது. சிவப்பு முனையைப் பேட்டரியை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினால், எண் எங்கே சட்டென்று விழுகிறதோ அதற்கு முந்தைய இணைப்பே பழுது. இசியுவின் எர்த்துக்கு இதே சோதனையை இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுச் செய்யலாம்.

இன்ஜின் எர்த்து முழுதாக அறுந்த வண்டியில் மின்சாரம் சும்மா இருப்பதில்லை. கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவோ ஃபிரேமுக்கு ஏறிவிடும். செல்ஃப் அடித்ததும் கேபிள் சூடாவதும் உள்ளுறை உருகுவதும் அதனால்தான். பின்பக்க எர்த்து விட்டுப்போனால் இண்டிகேட்டர் போடும்போது பிரேக் விளக்கும் மங்கலாகச் சேர்ந்து துடிக்கும். திரும்பும் வழியைத் தேடும் மின்சாரம் அடுத்த பல்பின் இழைக்குள் புகுந்து போகிறது.

பழுது பார்க்க, நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, இணைப்பைப் பிரித்து, உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் ஈரம் அண்டாது. அதற்குப் பின்னும் மஞ்சள் விளக்கு சில நேரம் எரிந்துகொண்டிருக்கலாம். பழைய குறியீடு இசியுவின் நினைவில் இருக்கிறது. ஸ்கேனரால் அழிக்கலாம், அல்லது குறையில்லாத சில ஓட்டங்களுக்குப் பிறகு பல வண்டிகளில் விளக்கு தானே அணையும்.