கமராவின் கோடும் பார்வையாளரின் நம்பிக்கையும்

உதைபந்தாட்டத்தின் 17 விதிகளுள் 11ஆவதாக வரும் ஓஃப்சைட் விதி, சொல்வதற்குச் சுருக்கமானது, தீர்ப்பதற்கோ மிகக் கடினமானது. தன் அணியைச் சேர்ந்தவர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரணியின் பாதி மைதானத்தில் நிற்கும் வீரரது தலை, உடல், கால் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பகுதி, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் விடக் கோல் கோட்டுக்கு அருகில் இருக்குமானால், அவர் ஓஃப்சைட் நிலையில் இருப்பவராகக் கொள்ளப்படுகிறார்; அந்த நிலையிலிருந்து அவர் ஆட்டத்தில் தலையிட்டால் அது குற்றமாகிறது. கைகள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை; உடலின் எல்லை அக்குளின் அடிப்பகுதியோடு முடிகிறது. கோட்டோரம் கொடியுடன் ஓடும் துணை நடுவர், பந்து உதைபடும் இடத்தையும் அங்கிருந்து முப்பது நாற்பது மீற்றர் தள்ளி ஓடிக்கொண்டிருக்கும் இருவரின் நிலையையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருப்பதால், எவ்வளவு பயிற்சி பெற்றவராயினும் அவர் தவறுவது இயல்பே.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில், பலாங்கொடையிலிருந்து இறக்குவானை வரையிலும், எட்டியாந்தோட்டையிலிருந்து தெரணியகலை வரையிலும், தேயிலைக்கும் றப்பருக்கும் இடையே சரிவை வெட்டிச் சமப்படுத்திய சிறு மைதானங்களில் ஆடுவோருக்கு இந்தக் கடினம் நன்கு தெரிந்ததுதான். பொங்கலையும் தீபாவளியையும் ஒட்டி நடக்கும் தோட்டப் போட்டிகளில் பல வேளைகளில் விசில் ஊதுபவர் ஒருவரே மூன்று நடுவர்களின் வேலையையும் பார்க்க நேர்கிறது. அதே இளைஞர்கள் லயத்து வீட்டுத் தொலைக்காட்சியில் உலகக் கிண்ணத்தைப் பார்க்கும்போது, வீரர்களைப் பொம்மைகளாக மாற்றி, அவர்களுக்கு நடுவே கண்ணாடிச் சுவர்போல ஒரு கோட்டை நிறுத்தி, முழங்கால் அளவு வெளியே நிற்பதைக் கணினி காட்டுகிறது. அந்தப் படத்தை ஏன் நம்ப வேண்டும், எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அவர்களுக்கும் உரிய கேள்வியாகும்.

2018 மார்ச்சில் உதைபந்தாட்ட விதிகளில் இடம்பெற்ற வீடியோ துணை நடுவர் முறை, அதாவது திரைகளுக்கு முன் அமர்ந்து மீள்காட்சிகளைப் பார்த்துக் கள நடுவருக்குத் தகவல் சொல்லும் முறை, அவ்வாண்டு ரஷ்ய உலகக் கிண்ணத்திலேயே பயன்பட்டது. 2022இல் கட்டார் உலகக் கிண்ணத்தில் ஓஃப்சைடுக்கென அரைத் தானியங்கி முறை வந்தது. அரங்கக் கூரையின் கீழ் பொருத்திய 12 கமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பதிவு செய்தன. பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. இயந்திரம் எச்சரிக்கை தர, மனிதர் சரிபார்த்துத் தீர்ப்பை உறுதிசெய்வதாலேயே அது அரைத் தானியங்கி எனப்படுகிறது.

நவம்பர் 20ஆம் திகதி நடந்த தொடக்கப் போட்டியின் மூன்றாவது நிமிடத்திலேயே கட்டாருக்கு எதிராக ஈக்குவடோரின் என்னர் வலென்சியா அடித்த கோல் இந்த முறையால் செல்லாததாயிற்று. கட்டார் பின்கள வீரர் ஒருவர் கோலுக்கு அருகே நின்றதைக் கண்ட பலருக்கு அந்தத் தீர்ப்பு விளங்கவில்லை. கோல் காப்பாளர் தம் இடத்தை விட்டு முன்னேறி வந்துவிட்டதால் அந்தப் பின்கள வீரரே கடைசி ஆளாகிவிட்டார் என்பதும், கணக்குப் பார்க்க வேண்டியது அவருக்கு முந்தையவரையே என்பதும் படம் காட்டப்பட்ட பின்புதான் தெளிவாயிற்று. இயந்திரம் சரியாகவே சொன்னது. ஆயினும் விளக்கம் வரும்வரை அது சூழ்ச்சியாகவே பலருக்குத் தோன்றியது.

சரியாகச் சொல்லும் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு என்பது எளிய கணக்கிலேயே புலப்படும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் முன்கள வீரர் நொடிக்கு ஏறத்தாழ 833 சென்ரிமீற்றர் கடக்கிறார். நொடிக்கு 50 படங்கள் எடுக்கும் கமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவர் நகரும் தூரம் கிட்டத்தட்ட 17 சென்ரிமீற்றர். அவரைக் குறுக்கிட எதிர்த்திசையில் ஒரு பின்கள வீரர் அதில் பாதி வேகத்தில் ஓடிவருகிறார் என்றால், இருவருக்கும் இடையிலான நிலை ஒரே படத்துக்குள் 25 சென்ரிமீற்றர் மாறிவிடுகிறது. பந்து காலைவிட்டுப் புறப்பட்ட கணம் இந்தப் படமா அடுத்த படமா என்பதை மனிதர் ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த காலத்தில், அக்குள் அளவு ஓஃப்சைட் என்று கோல்களை நீக்கியது, அளவுகோலில் இல்லாத நுட்பத்தை அதன்மீது ஏற்றிய செயலேயாகும். 2019 நவம்பரில் அஸ்டன் வில்லாவுக்கு எதிராக லிவர்பூல் வீரர் ரொபர்ட்டோ ஃபிர்மினோ அடித்த கோல் அப்படித்தான் பறிபோனது. பந்திலுள்ள உணரி இந்தப் பிழையை வெகுவாகக் குறைத்துள்ளது. ஆனால் கட்டாரில் வீரரின் உடல் நிலை பதிவானது நொடிக்கு 50 முறைதான் என்பதால், இடைப்பட்ட கணம் கணக்கீட்டால் நிரப்பப்பட்டதே தவிர நேரில் பார்க்கப்படவில்லை.

கருவியின் இந்த எல்லையை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் பாடத்தைக் கிரிக்கெட் முன்பே கற்றது. அதில் இலங்கைக்குப் பெரும் பங்கு உண்டு. தொலைக்காட்சியைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் மூன்றாம் நடுவர் என்ற எண்ணத்தை முன்வைத்தவராக இலங்கைக் கிரிக்கெட் எழுத்தாளர் மகிந்த விஜேசிங்க அறியப்படுகிறார். 1992 நவம்பரில் தென்னாபிரிக்காவின் டர்பனில் அந்த முறையில் முதலில் ஆட்டமிழந்தவர் சச்சின் டெண்டுல்கர். வீரர்களே நடுவரின் தீர்ப்பை எதிர்த்து மீளாய்வு கேட்கும் முறையோ, 2008 ஜூலையில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த டெஸ்ட் போட்டியில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்பட்ட திலகரத்ன டில்ஷான் மீளாய்வு கேட்டுத் தப்பினார். முரளிதரனின் பந்தில் நடுவர் ஆட்டமிழக்கவில்லை என்று விட்ட விரேந்தர் சேவாக், மீளாய்வுக்குப் பின் வெளியேறினார். அத்தொடரில் இலங்கை அணி 11 முறை வெற்றிகரமாக மீளாய்வு கேட்டது. இந்திய அணிக்கு வாய்த்ததோ ஒன்றே ஒன்று. மீளாய்வு கேட்கும் தருணத்தைத் தேர்வதும் தனித் திறமை என்பதை அத்தொடர் காட்டியது.

அதன்பின் இந்தியக் கிரிக்கெட் வாரியம் பந்தின் பாதையைக் கணிக்கும் தொழில்நுட்பத்தை நம்ப மறுத்து, இரு நாட்டுத் தொடர்களில் 2016 நவம்பரில் ராஜ்கோட்டில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் வரை அதற்கு இணங்கவில்லை. அந்த மறுப்பு வெறும் பிடிவாதமன்று. கருவி எங்கே பதிவு செய்கிறது, எங்கே ஊகிக்கிறது என்ற நியாயமான ஐயம் அதில் இருந்தது. எல்.பி.டபிள்யூ. தீர்ப்பில் பந்து காலில் படும்வரை உள்ள பாதை கமரா பார்த்தது. அதற்குப் பின் ஸ்ரம்பு வரையுள்ள பாதை கணினி ஊகித்தது. 2011 உலகக் கிண்ணத்தில் பெங்களூரில் இயன் பெல்லின் காலில் பந்து பட்ட இடம் ஸ்ரம்பிலிருந்து 2.5 மீற்றருக்கு அப்பால் இருந்ததால், அவ்வளவு தூரத்துக்கு ஊகத்தை நம்ப முடியாது என்ற விதிப்படி நடுவரின் தீர்ப்பே நிலைத்தது. இந்திய அணித் தலைவர் தோனி அதைக் கடுமையாகக் குறை கூறினார். ஆயினும் அந்த விதிதான் நேர்மையானது என்றே கருத வேண்டியுள்ளது. பந்தின் பாதியாவது ஸ்ரம்பில் படாவிட்டால், ஆட்டமிழக்கவில்லை என்று கள நடுவர் அளித்த தீர்ப்பை மாற்றுவதில்லை என்ற ஏற்பாடும் இந்த நேர்மையிலிருந்தே வந்தது. கருவி தன் வாயால், இவ்வளவுக்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறது.

இந்த வெளிப்படைத்தன்மையின் பெறுமதி தோட்டத்துப் பெண்களுக்கு எவரும் விளக்காமலே புரியும். கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும்போது அவர்களுக்குத் தராசின் மீது பெரும்பாலும் ஐயமில்லை. பைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் மீதுதான் ஐயம். அந்தக் கழிவால் குறித்த நிறை எட்டாமல் அரைப்பேர் விழுந்துவிட்டால், ஒரு நாள் உழைப்பில் பாதி போய்விடுகிறது. இன்று சில தோட்டங்களில் மின்னணுத் தராசுகள் வந்து, எண் எல்லாருக்கும் தெரியும்படி ஒளிர்கிறது; என்றாலும் எவ்வளவு, எதற்காகக் கழித்தார்கள் என்பது சொல்லப்படாதவரை பழைய மனக்குறை அப்படியே இருக்கும். வீடியோ நடுவர் அறையிலும் சிக்கல் இதே இடத்தில்தான் உள்ளது.

2023 செப்டெம்பர் 30ஆம் திகதி லண்டனில் டொட்டென்ஹாமுக்கு எதிரான போட்டியில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை விட இதற்குத் தெளிவான சான்று இல்லை. துணை நடுவர் ஓஃப்சைட் என்று கொடி தூக்கினார். வீடியோ நடுவர்கள் கோடு போட்டுப் பார்த்தபோது டியாஸ் சரியான நிலையில் இருந்தது தெரிந்தது. கருவி பிழை செய்யவில்லை. ஆனால் களத்தில் கோல் கொடுக்கப்பட்டதாக அவர்கள் தவறாக நினைத்திருந்ததால், சரிபார்த்து முடிந்தது என்று மட்டும் சொல்ல, கள நடுவர் அதை ஓஃப்சைட் உறுதியானதாகக் கொண்டு ஆட்டத்தைத் தொடரச் செய்தார். தவறு சில நொடிகளில் அறையிலேயே உணரப்பட்டும், ஆட்டம் மீண்டும் தொடங்கிய பின் திரும்பிச் செல்ல விதி இடம்தரவில்லை. லிவர்பூல் 2–1 என்று தோற்றது. மூன்று நாட்களில் அந்த உரையாடலின் ஒலிப்பதிவு வெளியிடப்பட்டது. கோபம் தணியவில்லை, ஆனால் சதி என்ற பேச்சுக்கு இடமில்லாமற் போனது. மூன்றாம் நடுவர் பேசுவதைக் கிரிக்கெட் இரசிகர்கள் அந்தக் கணத்திலேயே கேட்கிறார்கள். உதைபந்தாட்டத்தில் 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் நடுவரே ஒலிபெருக்கியில் தீர்ப்பின் காரணத்தை அறிவித்தது, தாமதமான ஆனால் சரியான நகர்வாகும்.

கருவியின் எல்லையை உதைபந்தாட்டமும் வெவ்வேறு வழிகளில் எதிர்கொண்டது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2021 முதல் தடித்த கோடுகளைப் பயன்படுத்தி, இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் ஐயத்தின் பலனை முன்கள வீரருக்கே அளித்து, 2025 ஏப்ரலில் அரைத் தானியங்கி முறைக்கு மாறியது. சுவீடன் கழகங்களோ இரசிகர்களின் எதிர்ப்பை மதித்து வீடியோ நடுவரையே வேண்டாமென்றன.

கமராவே இல்லாத இடத்து இழப்பு, கமரா இருந்தும் நேரும் தவறுகளைவிடப் பெரிது. 2024 ஜூன் 11ஆம் திகதி தோஹாவில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் இந்தியா 1–0 என்று முன்னிலையில் இருந்தபோது, கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துக் கட்டார் சமன் செய்ததைத் தொலைக்காட்சி மீள்காட்சிகள் காட்டின. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் முறை இல்லாததால் கோல் நின்றது. இந்தியா 2–1 என்று தோற்று அடுத்த சுற்று வாய்ப்பை இழந்தது. இலங்கை போன்ற நாடுகளின் உள்ளூர்ப் போட்டிகள் அரங்கம் முழுவதும் கமராக்களும் தனி அறையும் வைத்து நடத்தக் கூடியவை அல்ல. அவற்றை மனத்திற்கொண்டே ஃபீஃபா 2024 முதல் எளிய வீடியோ உதவி முறையொன்றைச் சோதித்து வருகிறது. அதில் தனி வீடியோ நடுவர்கள் இல்லை. பயிற்றுநர் இரண்டு முறை மீளாய்வு கேட்கலாம். கள நடுவர் கோட்டோரத் திரையில் கிடைக்கும் காட்சிகளைத் தாமே பார்த்து முடிவெடுப்பார். கேட்டவர் சொன்னது சரியானால் அந்த வாய்ப்பு அவரிடமே இருக்கும். கொழும்பில் 2008இல் பார்த்த முறையின் சாயல் இதில் தெளிவாகத் தெரிவதால், இலங்கை இரசிகர்களுக்கு இது அந்நியமாக இராது. அக்குள் அளவு ஓஃப்சைடை இதனால் பிடிக்க முடியாது; இரண்டு மீற்றர் தள்ளி நின்றவர் அடித்த கோலை நீக்கலாம். தோட்ட மைதானத்துக்கு அந்தத் திரையும் வர நெடுங்காலம் ஆகும் என்பதால், பலாங்கொடையிலும் தெரணியகலையிலும் கொடி பிடிக்கத் தெரிந்த, கடைசிக்கு முந்தைய வீரரோடு ஒரே நேர்கோட்டில் ஓடப் பழகிய இரண்டு துணை நடுவர்களை ஒவ்வொரு போட்டிக்கும் உருவாக்குவதுதான் இப்போதைக்கு அங்கு அவசரமாகத் தேவைப்படுவது.