முழங்கால் ஊசி: போடும் முன் கேளுங்கள்

கோலார் தங்கவயலில் பாலகாட் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஒரு காலத்தில் தங்கச் சுரங்கம் இருந்தது. தங்கவயல் சுரங்கங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்க வேலை நின்றது.

பல ஆண்டுகள் முட்டி போட்டு வேலை செய்தவர்களுக்கும், பாரம் தூக்கியவர்களுக்கும் முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம். சுரங்க வேலை அப்படிப்பட்டது. வயதான பெண்களுக்கும் இந்த வலி அதிகம் வருகிறது.

தேய்மானம் என்றால் என்ன?

முழங்காலில் எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. எலும்பும் எலும்பும் உரசாமல் அது காக்கிறது. அது தேய்ந்தால் வலிக்கிறது, வீங்குகிறது. படி ஏற முடிவதில்லை. அப்போது சிலர் மூட்டுக்குள் ஊசி போடச் சொல்கிறார்கள். மூன்று வகை ஊசிகள் உண்டு.

1. ஸ்டீராய்டு ஊசி

விலை குறைவு. வீக்கத்தை அடக்கும். சில நாளிலேயே வலி குறையும். ஆனால் அந்தச் சுகம் சில வாரங்களே நிற்கும். அடிக்கடி போடக் கூடாது. அமெரிக்காவில் 140 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை ஸ்டீராய்டு. மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். 2 ஆண்டுகள் இப்படிப் போட்டார்கள். முடிவு 2017இல் வந்தது. வலியில் வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனியுங்கள். இந்த ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும்.

2. ஜெல் ஊசி

மூட்டில் இயல்பாக ஒரு வழவழப்பான நீர் உண்டு. அதைப் போன்ற மருந்து இது. விலை அதிகம். பல நாடுகளில் நடந்த 169 சோதனைகளை அறிஞர்கள் 2022இல் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் ஊசியை விட மிகச் சிறிதளவே வலி குறைந்தது. நோயாளி உணரும் அளவுக்கு அது இல்லை.

3. சொந்த ரத்த ஊசி

நம் ரத்தத்தையே எடுப்பார்கள். இயந்திரத்தில் சுழற்றுவார்கள். அதில் ஒரு பகுதியைப் பிரித்து மூட்டில் போடுவார்கள். இதற்கும் செலவு அதிகம். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2021இல் வந்தது. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது உப்புநீர் ஊசியை விட இது மேல் என்று தெரியவில்லை.

தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி வளர்க்கும் என்று இந்த மூன்றில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. விலை கூடினால் பலன் கூடும் என்பதும் இல்லை. தங்கம் எடுத்த ஊரில் நகையை அடகு வைத்து இந்த ஊசிகளைப் போட வேண்டுமா? யோசியுங்கள்.

பயிற்சியே முதல் மருந்து

156 பேரிடம் பயிற்சி அடங்கிய பிசியோதெரபியையும் ஸ்டீராய்டு ஊசியையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2020இல் வந்தது. ஓர் ஆண்டுக்குப் பின் பிசியோதெரபி பெற்றவர்களே கூடுதல் நலமாக இருந்தார்கள்.

நாற்காலியில் உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டுங்கள். ஐந்து எண்ணும் வரை அப்படியே வையுங்கள். பிறகு இறக்குங்கள். பத்து முறை செய்யுங்கள். அடுத்த காலுக்கும் அப்படியே. தினமும் செய்யுங்கள். முதலில் வலிக்கலாம், மெல்லக் கூட்டுங்கள். உடல் எடை அதிகம் இருந்தால் குறையுங்கள். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள்.

டாக்டரிடம் கேளுங்கள்

இது என்ன ஊசி? பெயரை எழுதித் தருவீர்களா?
எத்தனை ஊசி? மொத்தச் செலவு எவ்வளவு?
பலன் எத்தனை நாள் நிற்கும்?
ஊசி இல்லாமல் வேறு வழி உண்டா?

இப்படிக் கேட்பது உங்கள் உரிமை. ஊசி போட்ட பின் மூட்டு சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம். இது அபூர்வம்; ஆனால் ஆபத்து.

நடக்கவே முடியாத அளவு தேய்ந்திருந்தால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை உண்டு. செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்வோம். பிறகு முடிவு செய்வோம்.