உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கு ஒரு காற்று, தெருவுக்கு ஒரு காற்று

ஒரு நகரத்தின் காற்றுத்தரம் என்று செய்தியில் சொல்லப்படும் எண் எந்தத் தெருவுக்கு உரியது? கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் 2015-16-இல் இரண்டு கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார்களுக்குள் காற்றை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, தெருத்தெருவாகத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். சுமார் 30 மீட்டருக்கு ஓர் அளவு. 2017-இல் முடிவு வந்தது: ஒரே தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையிலேயே மாசு 5 முதல் 8 மடங்கு வரை மாறக்கூடும்.

✦

அதே கலிஃபோர்னியாவில் 'கால்என்விரோஸ்கிரீன்' என்று ஒரு வரைபடம் உண்டு. மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2013-இல் வெளியிட்டது. மாநிலத்தை ஏறத்தாழ 8,000 சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறது. 2021-இல் வந்த நான்காம் பதிப்பு 21 விஷயங்களைப் பார்க்கிறது. டீசல் புகை, நுண்துகள், குடிநீரில் கலந்திருப்பவை, பழைய வீடுகளின் ஈயப் பெயிண்ட், பூச்சிமருந்து, பக்கத்துக் குப்பைக் கிடங்கு என்று 13 விஷயங்கள் சுற்றுப்புறத்தைப் பற்றியவை. மீதி எட்டும் அங்கே வாழும் மனிதர்களைப் பற்றியவை: ஆஸ்துமா, மாரடைப்பு, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள், வறுமை, வேலையின்மை, படிப்பு, மொழி, வருமானத்தை விழுங்கும் வீட்டுச் செலவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கணக்குப் போடும் விதம். மாசுக்குப் பத்துக்கு இத்தனை, மக்களின் நிலைக்குப் பத்துக்கு இத்தனை. இரண்டையும் கூட்டுவதில்லை, பெருக்குகிறார்கள். மாசு 8, மக்கள் நிலை 3 என்றால் 24. மாசு 6தான், ஆனால் மக்கள் நிலை 9 என்றால் 54. புகை குறைவாக உள்ள பேட்டைதான் இரண்டு மடங்குக்கு மேல் ஆபத்தில் இருக்கிறது! ஏ.சி. போட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்ள முடிந்தவருக்கும், நெஞ்சு இழுக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே புகை ஒரே கேட்டைச் செய்வதில்லை. டாக்டர்களுக்கும் தாய்மார்களுக்கும் எப்போதோ தெரிந்த இதை ஓர் அரசாங்கம் பெருக்கல் குறியாக எழுதி வைத்திருக்கிறது.

எழுதி வைத்ததோடு நிற்கவும் இல்லை. கரிம உமிழ்வு உரிமங்களை ஏலம் விட்டு வரும் பணத்தில் குறைந்தது கால் பங்கு, பின்தங்கிய பகுதிகளுக்குப் பயன்பட வேண்டும் என்று 2012-இலேயே அங்கே சட்டம் வந்தது. அந்தப் பகுதிகளைத் தேர்ந்தெடுக்க இந்த மதிப்பெண் பயன்படுகிறது.

✦

இந்த வரைபடத்திலும் ஓட்டை உண்டு. ஆஸ்துமாவை அது எப்படி எண்ணுகிறது? மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்து. செலவுக்குப் பயந்தோ, ஒருநாள் கூலி போய்விடும் என்றோ வீட்டிலேயே மூச்சுத் திணறிக் கிடப்பவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

✦

மொழிக்கும் மாசுக்கும் என்ன தொடர்பு? 14 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கும் ஆங்கிலம் நன்றாகப் பேச வராத வீடுகளை அந்த வரைபடத்தில் தனியாக எண்ணுகிறார்கள். 1999-இல் கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகர எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்தபோது தொலைபேசி எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே போனது. பக்கத்தில் குடியிருந்த லாவோஸ் நாட்டுக் குடும்பங்களுக்கு அது புரியவில்லை. அவர்கள் போராடித்தான் பல மொழிகளில் எச்சரிக்கை வந்தது.

✦

மாசு யார் பக்கம் போகிறது என்று இப்படி எண்ணிப் பார்க்கும் வேலைக்கு முன்னோடிகளில் ஒருவர் ராபர்ட் புல்லார்ட் என்ற சமூகவியலாளர். 1979-இல் ஹூஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் குடியிருப்புக்கு நடுவே குப்பைக் கிடங்கு வரவிருந்தது. வழக்குத் தொடுத்தவர் வழக்கறிஞரான அவர் மனைவி. ஆதாரம் தேடும் பொறுப்பு புல்லார்டுக்கு. அதுவரை நகரின் குப்பை எங்கெங்கே கொட்டப்பட்டது என்று குறித்துக்கொண்டே போனார். மாநகராட்சியின் ஐந்து கிடங்குகளில் ஐந்துமே, எட்டு எரியூட்டு ஆலைகளில் ஆறு, தனியார் கிடங்குகள் நான்கில் மூன்று கறுப்பினப் பகுதிகளில் இருந்தன. மக்கள்தொகையில் அவர்கள் கால் பங்குதான். வழக்கு தோற்றது. அந்தப் பட்டியல் மட்டும் தங்கிவிட்டது.

✦

நம் நாட்டிலும் ஒரு மதிப்பெண் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் 88 தொழிற்பகுதிகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போட்டது. 70-ஐ எட்டினால் மிகக் கடுமையான மாசு. அப்படி 43 இடங்கள். குஜராத்தின் அங்கலேஷ்வர் 88.50 பெற்று முதலிடம். வேலூர் 81.79, கடலூர் 77.45, மணலி 76.32, கோயம்புத்தூர் 72.38. பாதிக்கப்படக்கூடிய மக்களையும் அந்தக் கணக்கு பார்க்கிறது, உண்மைதான். ஆனால் மணலி முழுவதற்கும் ஒரே எண். ஆலைச் சுவரை ஒட்டிய தெருவுக்கும் அரை மைல் தள்ளி இருக்கும் தெருவுக்கும் அப்போது அதே 76.32.

மணலியை ஒட்டிய ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த அக்கா டி.வி. பெட்டியின் மேல் விரலை இழுத்துக் காட்டினார். விரல்நுனி கறுத்திருந்தது. "காலைலதான்பா தொடைச்சேன்" என்றார். "வெள்ளைச் சட்டைய வெளிய காயப் போட்டா மறுபடி துவைக்கணும்." நான் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் அவர் இரண்டு முறை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அந்தத் தெருவுக்கென்று ஓர் எண் இருக்க வேண்டும்.

✦

பிளாஸ்டிக் வாளியால் காற்றைப் பிடிக்கலாம், தெரியுமா? காற்றுப் புகாத மூடி போட்ட வாளிக்குள் ஒரு தனிரகப் பை. பையின் வாய் வாளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிறு பம்பினால் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்று தானாகப் பைக்குள் புகுந்து பை உப்பும். வாயை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். 1990-களில் கலிஃபோர்னியாவின் ஆலையோர மக்களுக்காக உருவான முறை இது. பத்தாண்டுக்குள் கடலூர் சிப்காட்டுக்கு வந்துவிட்டது. அங்குள்ள கிராமத்து மக்கள் எந்த நேரத்தில் எங்கே என்ன வாடை என்று குறித்து வைத்து, வாடை ஏறும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றைப் பிடித்தார்கள். 2004-இல் அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. அவர்கள் சுவாசித்த காற்றில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் இருந்தன. முதலில் அதைக் கண்டுபிடித்தது அவர்கள் மூக்குதான்.