உண்ணிக் காய்ச்சலும் மாட்டின் மரபும்

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. வள்ளுவரும் அதை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். அச்செல்வத்தை ஓர் உண்ணி அழித்துவிடக்கூடும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் எல்லா மாடுகளும் அதற்கு ஒரேபோல் இரையாவதில்லை. அதன் காரணத்தை விலங்கியல் மாணவன் என்ற முறையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

தைலீரியா அன்னுலேட்டா என்பது ஒரு செல் கிருமி. ஹயலோமா என்ற வகை உண்ணி இரத்தம் குடிக்கும்போது, அதன் உமிழ்நீர் வழியே இக்கிருமி மாட்டின் உடலில் புகுகிறது. முதலில் வெள்ளையணுக்களிலும், பின்னர் சிவப்பணுக்களிலும் குடியேறுகிறது. நிணநீர்க் கணுக்கள் வீங்கும், கடுங்காய்ச்சல் வரும், இரத்தசோகை உண்டாகும், பால் வற்றும். கவனியாவிட்டால் மாடு இறந்துவிடும்.

ஐரோப்பிய இனங்களையும் அவற்றின் கலப்பினங்களையும் இந்நோய் கடுமையாகத் தாக்குகிறது. திமிலுள்ள நம் நாட்டினங்களோ பெரும்பாலும் இலேசான காய்ச்சலோடு தப்பிவிடுகின்றன. “நாட்டு மாட்டுக்கு உடம்பு கெட்டி” என்பார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். அது வெறும் பழம்பெருமையன்று. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், சாஹிவால் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் இக்கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கு நோய் முற்றியது. சாஹிவால் கன்றுகள் குறைந்த காய்ச்சலோடு தேறிவிட்டன. கிருமியை எதிர்க்கும் முயற்சியில் உடல் அளவு கடந்து கொதித்தெழாமல் அடங்கியிருப்பதும் சாஹிவாலின் பலம் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

இக்கெட்டித்தன்மை எப்படி வந்தது? உண்ணி மிகுந்த நிலத்தில் தாங்க முடியாத கன்றுகள் மடிந்தன. தாங்கியவை பிழைத்துத் தம் ஜீன்களைச் சந்ததிக்கு அளித்தன. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு இதுவே. மேலும், கிருமியை இனங்காண உதவும் ஜீன்கள் மாட்டுக்கு மாடு பல வடிவங்களில் உள்ளன. ஒரு மாட்டை வீழ்த்தும் கிருமி மந்தை முழுவதையும் வீழ்த்தாமல் இருப்பதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம். உறைவிந்து முறையில் ஒரே காளைக்கு ஆயிரக்கணக்கான கன்றுகள் பிறக்கும்போது, இவ்வேறுபாடு குறைந்துவிடும் ஆபத்து உண்டு.

அப்படியானால் கலப்பின மாடே வேண்டாம் என்று கூறிவிடலாமா? என்னால் கூற முடியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்புச் செலவுக்குப் பணம் வந்தது கலப்பினப் பசுவின் பாலிலிருந்துதான். நாட்டுப் பசுவின் பால் கன்றுக்குப் போக வீட்டுக்கே காணாது. என் தாயாரிடம் போய், “நோய் தாங்கும் மாட்டை வாங்கம்மா” என்று சொன்னால், “பால் காசுக்கு எங்கேடா போவது?” என்றுதான் கேட்பார். அக்கேள்வியில் நியாயம் உண்டு.

ஆதலால் கலப்பின மாட்டை வளர்ப்போர், உண்ணிகள் ஒளியும் கொட்டகைச் சுவர் வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும். காய்ச்சல் கண்டதும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால் பூபார்வாகுவோன் என்னும் மருந்து நல்ல பலன் தரும். அதே வேளையில் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் ஆகிய நம் இனங்கள் அருகிப்போகாமல் காப்பது அரசின் கடமை. பால் தராத மாட்டைக் காக்கும் சுமையை ஏழை உழவன் தலையில் மட்டும் ஏற்றுவது முறையாகாது. மருந்தைக் கடையில் வாங்கலாம். அழிந்துபோன மரபை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.