மாத்திரை எடுத்துத் தருபவர் யார்?

விதைப் பையில் சான்று அட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கும் விவசாயிகூட, மெடிக்கல் கடையில் மாத்திரை எடுத்துத் தருபவர் யார் என்று கேட்பதில்லை.

மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்க, பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம் அனுமதி தருகிறது. கடைப் பையன் எடுத்துக் கொடுத்தாலும் மருந்தாளுநர் கூடவே இருந்து மேற்பார்க்க வேண்டும். சிறிய ஊர்களில் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். அதனால் "மருந்தாளுநர் இருக்கிறாரா?" என்று வாய்விட்டே கேளுங்கள். "இப்பத்தான் சாப்பிடப் போனார்" என்ற பதிலே எப்போதும் வந்தால் கடையை மாற்றுங்கள்.

முடக்குவாதத்துக்கு எழுதித் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் குறைந்து உயிரே போகலாம். படித்த மருந்தாளுநர் எந்தக் கிழமை என்று கேட்டு, அதை உறையில் எழுதித் தருவார். அவசரத்தில் உருவிக் கொடுக்கும் பையனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

ஆள் கிடைக்காத ஊரில், வாங்கிய மாத்திரையையும் சீட்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப்போய், அங்குள்ள மருந்தாளுநரிடம் காட்டிக் கேட்கலாம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்க நேர்ந்தால் அதுதான் சாட்சி.